போகலாம் என்றிருந்தும் போகாதவர்கள்



துன்ப காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் என்ற பொருளில் பேசச் சொன்னார்கள். ஆலயத்துக்குள் பேசுவதென்றால் வேறு விதமாகத் தொடங்கியிருப்பேன். இது கும்மிடிப்பூண்டி ஊர் மேடை. முருகனைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஐந்து வேளை தொழுகிறவர்கள் இருக்கிறீர்கள். கடவுளே இல்லை என்று உறுதியாக நிற்கிறவர்களும் இருக்கிறீர்கள். நான் விசுவாசி. அதை மூடி வைத்துக்கொண்டு பேச எனக்குத் தெரியாது. அதே சமயம், உங்களில் யாரையும் என் பக்கம் இழுத்துக்கொண்டு போக இங்கே வரவில்லை. நான் நம்புகிற ஒன்றை உங்கள் முன்னால் எடுத்து வைக்கிறேன். தட்டிப் பார்த்து, அது நல்ல காசா செல்லாக் காசா என்று நீங்கள் சொல்லுங்கள்.

துன்பப்படுகிறவரைப் பார்த்து நாம் சட்டென்று சொல்லிவிடுகிற ஒரு பேச்சு இருக்கிறது: “இது நீ சுமக்க வேண்டிய சிலுவை.” பவர் பிரஸ்ஸில் விரல்களை இழந்தவரிடம் சொல்கிறோம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனோடு காலம் தள்ளுகிற பெண்ணிடம் சொல்கிறோம். 1990இல் இலங்கையிலிருந்து கைக்குழந்தையாக வந்து, இன்று தன் பிள்ளையையும் அகதி முகாமுக்குள்ளேயே வளர்த்துக்கொண்டிருக்கிறவரிடம் சொல்கிறோம். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் கிடையாது. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறு. அதை இந்த மேடையில் உரக்கச் சொல்வதற்காகவே வந்தேன்.

ஏன் தவறு? கெத்செமனே தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். இரவு நேரம். பின்னால் ஒலிவமலை. மலையைத் தாண்டினால் பெத்தானியா, அங்கே இயேசுவுக்கு நெருங்கிய நண்பர்களின் வீடு. அதற்கும் அப்பால் போனால் யூதேயாவின் வனாந்தரம், ஆயிரம் பேர் தேடினாலும் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியாத இடம். பிடிக்க வருகிறவர்களின் தீப்பந்தம் தூரத்திலேயே தெரிந்திருக்கும். போயிருக்கலாம். துன்பத்தின்மேல் அவருக்கு ஆசையும் இல்லை. இது என்னைவிட்டு விலகக்கூடாதா என்று அழுது மன்றாடியவர் அவர். போக வழி இருந்தும், போனால் மற்றவர்களை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதால் போகவில்லை. அவர் சுமந்தது அதனால்தான் சிலுவை. போக வழியே இல்லாதவர் தலையில் மற்றவர்கள் ஏற்றி வைக்கிற பாரம் சிலுவை ஆகாது. அது அநியாயம். அதை இறக்கி வைக்க வேண்டும். “தாங்கிக்கொள்ள பெலன் தாரும்” என்று ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது.

அதே கதையில் சீரேனே ஊர்க்காரர் சீமோன் என்று ஒருவர் வருகிறார். நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்குள் வந்துகொண்டிருந்தவர். வேற்றூர்க்காரர். படைவீரர்கள் அவரைப் பிடித்து, வேறொருவருடைய சிலுவையைத் தூக்கு என்று தோளில் ஏற்றுகிறார்கள். கூட்டத்தில் அத்தனை பேர் நிற்கையில் வெளியூர்க்காரர்தான் அகப்பட்டார்! சிப்காட்டும் அகதி முகாமும் உள்ள இந்த ஊரில் இருக்கிற நமக்கு அது புதிதாகத் தெரியாது. பாரம் எப்போதும் வேற்றூர்க்காரர் தோளைத்தான் தேடிக்கொண்டு வரும். அதை நற்செய்தி நூல்கள் மறைக்கவில்லை.

ஆக, நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். கிறிஸ்துவின் பெயரைச் சொல்கிறவருடைய விசுவாசத்தை எங்கே உரசிப் பார்ப்பது? கோபுரத்தில் வேண்டாம், கூட்டத்தில் வேண்டாம், சாட்சி சொல்கிற மைக்கில் வேண்டாம். போகலாம் என்றிருந்த நேரத்தில் அவர் போனாரா, துன்பப்படுகிறவர்களோடு இருந்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

இந்தக் கேள்வியை முதலில் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்திலேயே கேட்போம். இங்கிருந்து கிழக்கே பழவேற்காடு. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டியது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் அவர்களுடைய தலைமையிடம். கோட்டை அழிந்துவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது; வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லறைகளின்மேல் கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்லும் எழுத்துகள். அழகான எழுத்துகள். அதே பழவேற்காட்டுத் துறையிலிருந்துதான் 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான நம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் ஒரு பிடி சோற்றுக்காகப் பெற்ற பிள்ளைகளை விற்ற தாய்மார் இருந்தார்கள். தங்களையே விற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதம் வாசித்தவர்கள். என் மதத்தின் பெயரால் நடந்த அந்தக் கணக்கை நான் மறைத்துவிட்டு அன்பைப் பற்றிப் பேசினால், நீங்கள் என் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

அந்த டச்சுக்காரர்கள் 1658இல் இலங்கையின் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குருக்களை வெளியேற்றினார்கள். குருவை வீட்டில் ஒளித்து வைத்தால் தண்டனை. மக்கள் என்ன செய்தார்கள்? மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அப்படி ஓடியவர்கள் கொண்டு வைத்த இடம்தான் மருதமடு. முகாமிலிருந்து வந்திருக்கிற அக்காமார் மடு என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. ஆடி இரண்டாம் தேதித் திருவிழாவும் ஆவணிப் பதினைந்தும் உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூடியிருக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அவர்கள் ஆடி, ஆவணி என்பது ஜூலையும் ஆகஸ்டும். மடுக்கோயில் பிறந்ததே அகதிகளால். பெரிய மன்னர் யாரும் அதைக் கட்டி வைக்கவில்லை.

குருக்கள் இல்லாத அந்த இலங்கைத் தீவுக்கு, 1687ஆம் ஆண்டு, கோவாவிலிருந்து ஒருவர் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து போகிறார். பெயர் யோசேப் வாஸ். வயது முப்பதுகளின் நடுவில். கோவாவில் அவருக்கு மரியாதையான வாழ்வு. ஒரு துறவு மடத்தின் தலைவர். குருவின் அங்கியோடு போனால் கரையிலேயே பிடித்துவிடுவார்கள். அதனால் கூலிக்காரரைப் போலக் கந்தையைக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் போனார். போய் இறங்கியதும் வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். கிடந்து பிழைத்தார். பிறகு யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிச்சைக்காரராக நின்றார். கழுத்தில் ஜெபமாலை. யாருடைய கண் அந்த ஜெபமாலையில் தங்குகிறது என்று கவனித்தார். அப்படிக் கண்டுபிடித்தார் தம்முடைய மக்களை! சில்லாலைக் கிராமம் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. தமிழைப் படித்து, தமிழிலேயே அவர்களோடு ஜெபித்தார்.

பிறகு கண்டி அரசுக்குப் போகிறார். போர்த்துக்கீசிய ஒற்றன் என்று 1692இல் சிறை வைக்கிறார்கள். சிறைக்குள்ளேயே ஒரு சிறு குடிலைக் கட்டி, அதையே கோயிலாக்கி, சிங்களமும் கற்றுக்கொண்டார். சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆன மணிமேகலைக் கதையைப் படித்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

1697இல் கண்டியில் பெரியம்மை வருகிறது. இந்தத் தலைமுறைக்கு அந்த நோயின் பயம் தெரியாது. தெரியாமல் போனதே பெரும் பாக்கியம். நம் பாட்டிமாருக்குத் தெரியும். மருந்து இல்லாத நோய். வாசலில் வேப்பிலை கட்டினால் உள்ளே யாரும் நுழையமாட்டார்கள். கண்டியில் அதைவிட மோசம். மன்னரே தலைநகரை விட்டு விலகிப் போனார். அம்மை கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டோரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் மிச்சமிருக்கிற பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாதவர்கள். அப்போது வாஸும் அவருடைய மருமகன் உறவான இளம் குரு யோசேப் கர்வாலோவும் நகரத்திலேயே தங்கினார்கள். கிடந்தவர்களுக்குக் குடிசை போட்டார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள். புண்களைக் கழுவினார்கள். இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே புதைத்தார்கள். புத்தரை வணங்குகிறவரா, சிவனை வணங்குகிறவரா, மேரியை வணங்குகிறவரா என்று புண்ணைக் கழுவுகிற கை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. புத்த சமயத்தவரான மன்னர் அதற்குப் பின் கடைசிவரை அவருக்குப் பாதுகாப்பாக நின்றார் என்றால் காரணம் அதுதான். பின்னாளில் ஆயர் பதவியே தேடி வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தீவிலேயே இருந்தார். 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறந்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை. 2015 ஜனவரி 14ஆம் நாள், நாம் இங்கே பொங்கலுக்கு முந்திய நாள் போகி கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், போப் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் போய்வந்தார்.

முந்நூறு வருடத்துக்கு முந்திய கதை, இப்போது யார் அப்படி இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உண்டு. அவற்றில் பெரிய முகாம்களில் ஒன்று நம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கேயுள்ள வீடுகளில் போய் உட்கார்ந்து கேட்டால், நான் இப்போது சொல்லப்போகிற பெயர்களில் ஏதோ ஒன்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். “எங்களுக்கு ஞானஸ்நானம் தந்த சாமி”, “எங்கட பள்ளிக்கூடத்து அதிபர்” என்று சொல்வார்கள்.

மேரி பஸ்தியன் அடிகள். மன்னார் வங்காலை தூய ஆனாள் ஆலயத்தின் பங்குத்தந்தை. தம் மக்கள் காணாமல் போவதையும் கொல்லப்படுவதையும் எழுதி வைத்தவர், வெளியே சொன்னவர். அவரோடு சேர்ந்து அதே வேலையைச் செய்தவர் மெதடிஸ்ட் போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம். போதகர் 1984 டிசம்பரில் கொல்லப்பட்டார். அடுத்தது தாம்தான் என்று அடிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? மன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகு எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. அவர் வங்காலையிலேயே இருந்தார். 1985 ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஆலய வளாகத்திலேயே சுடப்பட்டார்.

ஜிம் பிரவுண் அடிகள். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் அல்லைப்பிட்டி என்ற சிற்றூர். அங்கேயிருந்த குருவுக்கு அச்சுறுத்தல் வந்து அவர் வேறிடம் போக நேர்ந்த பிறகு, அந்த இடத்துக்கு யாராவது போயாக வேண்டும் என்றபோது போனவர் இவர். வயது முப்பதுகளில்தான். போன சில வாரங்களிலேயே, 2006 ஆகஸ்ட் 13ஆம் நாள், மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த பிலிப்புநேரியார் ஆலயத்தின்மேல் எறிகணைகள் விழுந்தன. காயப்பட்டவர்களை எடுத்துச் செல்ல விடுங்கள் என்று கடற்படையினரிடம் மன்றாடினார். மிஞ்சியவர்களை ஊர்காவற்றுறைக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார். சேர்த்தாகிவிட்டது அல்லவா, அங்கேயே இருந்திருக்கலாம். ஆகஸ்ட் 20ஆம் நாள் மறுபடி அல்லைப்பிட்டிக்குப் போனார். சோதனைச் சாவடியருகே கண்டவர்கள் உண்டு. அதற்குப் பின் அவரையும் துணைக்குச் சென்றவரையும் யாரும் காணவில்லை.

பிறகு 2009, இலங்கைப் போரின் கடைசி மாதங்கள். இந்த ஆண்டைச் சொல்லும்போது முகாம் உறவுகள் தலையைக் குனிந்துகொள்வதை நான் அறிவேன். அதனால் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். ஒரு பக்கம் இராணுவத்தின் எறிகணை. இன்னொரு பக்கம் மக்களை வெளியே போகவிடாத விடுதலைப் புலிகள் இயக்கம். நடுவில், முள்ளிவாய்க்காலின் ஒரு துண்டுக் கடற்கரையில், பதுங்கு குழிகளில் சனம். அந்தச் சனத்தோடு கடைசிவரை குருக்களும் அருட்சகோதரிகளும் இருந்தார்கள். கிளிநொச்சிப் பகுதிப் பங்கில் இருந்த சரத்ஜீவன் அடிகள் தம் மக்கள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் கூடவே இடம்பெயர்ந்தார். எறிகணை அவரைக் கொல்லவில்லை. மாதக்கணக்கில் சோறும் தூக்கமும் இல்லாமல் ஓடிய உடம்பு, மே 18ஆம் நாள், மக்களோடு வெளியே வரும் வழியில் இதயம் நின்று விழுந்தது. வயது 41. பிரான்சிஸ் யோசேப் அடிகள் முதியவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். ஆங்கிலம் கற்பிப்பதில் பேர்போனவர். மே 10ஆம் நாள், அந்தக் கடற்கரையிலிருந்து, போப் பதினாறாம் பெனடிக்டுக்குக் கடிதம் எழுதினார். மே 18ஆம் நாள் வட்டுவாகலில், சரணடைந்த இயக்கத்தவரோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் இராணுவத்திடம் போனார். இவர் ஆயுதம் தொட்டவர் இல்லை. வயதான குரு, பொதுமக்களின் வரிசையில் நின்றிருந்தால் நடந்து வெளியே வந்திருக்கலாம். யாருக்கு அதிகப் பயமோ அவர்களுடைய வரிசையில் போய் நின்றார். அந்த வரிசை எங்கே போனது என்று இன்றுவரை பதில் இல்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் இலங்கை அரசின் ஆணைக்குழு முன்னால் போய் ஒரு கேள்வி கேட்டார். போர் நடந்த வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் என்று அரசாங்கக் கச்சேரியே எழுதி வைத்த தொகை ஒன்று. போர் முடிந்து வெளியே வந்தவர்கள் என்று எழுதிய தொகை ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1,46,679. இவர்கள் எங்கே? ஆண்டகை கேட்டது அவ்வளவுதான். உயிரோடு இருப்பவர்களைக் காவல் காப்பது ஒரு பணி. இல்லாமல் போனவர்களின் கணக்கை மூடவிடாமல் காவல் காப்பதும் அதே பணிதான். 2021 ஏப்ரல் முதல் நாள் அவர் இறக்கும்வரை அந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை.

இப்போது நம் ஜி.என்.டி. சாலை ஓரத்துச் சுவர்களைப் பார்க்கிறேன். “உங்கள் கஷ்டம் இன்றே தீரும்”, “கடன் தொல்லை நீங்கும்”, “தடைபட்ட திருமணம் நடக்கும்” என்று கூட்டங்களுக்கு அழைக்கிற சுவரொட்டிகள். ஏழையான மனுஷன் ஆறுதல் தேடிப் போவதை நான் குறை சொல்லவில்லை. அவனுக்கு வேறு எங்கே கதவு திறந்திருக்கிறது? ஆனால் மேடையில் நின்று, “உனக்கு விசுவாசம் இருந்தால் துன்பம் வராது” என்று சொல்கிற என் சகோதரர்களிடம் கேட்கிறேன். பிரான்சிஸ் யோசேப் அடிகளுக்கு விசுவாசம் குறைவா? சரத்ஜீவன் அடிகள் ஜெபிக்கத் தெரியாமலா விழுந்தார்? நவாலி பேதுரு ஆலயத்தில் 1995 ஜூலை 9ஆம் நாள் குண்டு விழுந்து மாண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கடவுளின் சன்னதியிலேயே அல்லவா ஒதுங்கியிருந்தார்கள்? கடவுள் அவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல நடிக்கவும் மாட்டேன். நான் விசுவாசியாக நிற்பதற்குக் காரணம் வேறு. தேவன் மேலே பத்திரமாக உட்கார்ந்து நம் துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருந்தால் நான் எப்போதோ விலகியிருப்பேன். இறங்கி வந்து, மனுஷர் கையில் அகப்பட்டு, ஊருக்கு வெளியே, இரண்டு குற்றவாளிகளுக்கு நடுவே செத்தார் என்று என் விசுவாசம் சொல்கிறது. அப்படிப்பட்ட தேவனைத்தான் பதுங்கு குழியில் கும்பிட முடியும்.

இருப்பது மட்டும் போதுமா? போதாது. அதற்கும் நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. திருவள்ளூரில் கௌடி பள்ளியில் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய வில்லியம் கௌடி வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவர். 1880களிலும் 1890களிலும் திருவள்ளூரிலும் ஈக்காட்டிலும், அன்று பறையர் என்று சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களிடையே வாழ்ந்தவர். பண்ணையில் பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்தவர்களிடம் போய், “மறுமையில் உங்களுக்கு இளைப்பாறுதல்” என்று சொல்லிவிட்டு அவர் வந்துவிடவில்லை. இந்த மக்களுக்கு நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், அது இல்லாமல் இவர்கள் நிமிர முடியாது என்று எழுதினார், பேசினார். அதே காலத்தில்தான் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அந்த மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். நம் திருவள்ளூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை 1892இல் வந்தது. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் கூடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். காரணை என்ற ஊரின் பஞ்சமி மண்ணுக்காகச் செத்த அந்த இருவர் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்; ஒருவர் கிறிஸ்தவப் பெயர்க்காரர், ஒருவர் பெருமாள் பெயர்க்காரர்.

இறக்கி வைக்க வேண்டிய பாரம் இன்றைக்கும் நம் கண்முன்னால் கிடக்கிறது. ஒடிசாவின் பலாங்கீர்ப் பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு வருகிறவர்கள், கொடுத்த பணம் கழியும்வரை வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்து, அதிகாரிகள் போய் மீட்ட செய்தியை ஒரு முறைக்கு மேல் படித்திருக்கிறோம். 1976ஆம் ஆண்டே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. முகாமின் பாரம் இன்னொன்று. 2021இல் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு “மறுவாழ்வு முகாம்” என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. நல்ல பெயர், நன்றி சொல்கிறோம். ஆனால் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, பட்டமும் வாங்கிய பிள்ளை, அரசு வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாமல் அப்பாவோடு பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறான். இதற்கும் “உன் சிலுவை” என்று பெயர் சூட்டுவீர்களா? குடியுரிமை கேட்டு எழுதுகிற மனுவில் நானும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஆலயங்களிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் போட வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஒரு தொழிற்சாலை விபத்தில் கை நசுங்கிய ஒடிசாப் பையன் ஒருவனை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போயிருந்தேன். இருபது வயதுகூட இருக்காது. நர்ஸம்மா கேட்பது அவனுக்குப் புரியவில்லை, அவன் சொல்வது யாருக்கும் புரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து, அவன் நெற்றியைத் துடைத்து, பிளாஸ்கிலிருந்து பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உறவா என்று கேட்டேன். இல்லை. முகாம்காரர். பேத்திக்குக் காய்ச்சல் என்று வந்தவர். பேத்தி வீட்டுக்குப் போய்விட்டாள், இவர் போகவில்லை. “ஏனம்மா, உங்களுக்கு அவன் பாஷையும் தெரியாதே” என்றேன். “நாங்கள் ஆசுபத்திரியிலை கிடக்கேக்கை ஆரோ வந்து இருந்தவைதானே தம்பி” என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இதே ஜி.என்.டி. சாலை வழியாக வடக்கு நோக்கி நடந்துபோன பிள்ளைகளைப் பார்த்தோம். வண்டியை நிறுத்தித் தண்ணீரும் பொட்டலமும் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள். அது ஒரு கோடைக்காலத்தோடு முடிந்துவிடக்கூடாது. விபத்தில் சிக்கிய வெளிமாநிலத் தொழிலாளியோடு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்க ஆள் வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் கூட வர ஆள் வேண்டும். நஷ்டஈட்டு விண்ணப்பத்தை அவன் மொழியில் வாசித்துச் சொல்லிவிட்டு, பிறகு கையெழுத்து வாங்குகிற ஆள் வேண்டும். அமைப்பாளர்களிடம் பேசி, மேடைக்கு இடப்புறம் மேசைமேல் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயரும் கைப்பேசி எண்ணும், வாரத்தில் எந்த இரவு வர முடியும் என்பதும் எழுதுங்கள். மதம் எழுத வேண்டாம். இந்தியோ ஒடியாவோ தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள். அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் இன்னொரு அறுவை சிகிச்சை இருக்கிறது.